மூடாத கண்ணாடி

மழைக்காலத்தில் ஒரு பழைய காரின் கண்ணாடி மூடாமற் போயிற்று என்பதெல்லாம் குடும்பப் பத்திரிகையில் எழுதத்தக்க செய்தியா என்று வாசக நேயர்கள் கேட்கலாம். எங்களுக்கும் அந்த ஐயம் இருந்தது. ஆயினும் அந்த ஒரு சன்னலின் காரணமாக ஓர் இளைஞனின் பிழைப்பில் மண் விழ இருந்தது. எங்கள் அம்மா மூன்று வாரம் ஒரு பொத்தானைத் தொடவும் அஞ்சி, கைகளை மடியில் கட்டிக்கொண்டு பயணம் செய்தார். அறுபதைக் கடந்த நாங்கள் இருவரும் கார்க் கதவின் உள்ளுறுப்புகளைப் பாடம் படிக்க நேர்ந்தது. ஆகவே எழுதுகிறோம்.

நாங்கள் என்பது கணவன் மனைவி இருவர். ஒருவர் முப்பது ஆண்டு பள்ளியில் அறிவியல் கற்பித்தவர். மற்றவர் ஒரு சங்கத்தில் கணக்கெழுதியவர். இருவரும் ஓய்வு பெற்றபின், பழனியை அடுத்த பாலசமுத்திரத்தில், பாலாறு பொருந்தலாறு அணைக்குப் போகும் பக்கமாக வசித்து வருகிறோம். வாசலில் நின்றால் தெற்கே கொடைக்கானல் மலை சுவர் போல் நிற்கும். மழை எங்கிருந்து வருகிறதென்பதை வானொலி சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. அந்த மலை மறைந்தால் அரைமணியில் எங்கள் முற்றம் நனையும்.

எங்களுடன் இருக்கும் அம்மா எங்களில் ஒருவரைப் பெற்றவர், மற்றவருக்கு மாமியார். யாருக்கு யார் என்று சொல்லாமலே விட்டுவிடுகிறோம், ஏனெனில் அவரே அந்த வேறுபாட்டை மறந்து பல ஆண்டுகள் ஆகின்றன. சிறுநீரகம் பழுதுற்றதால் வாரத்தில் இருமுறை திண்டுக்கல்லுக்குச் சென்று இரத்தச் சுத்திகரிப்பு செய்துகொள்கிறார். போக ஏறக்குறைய 60 கிலோமீட்டர், வர அதே 60. நடுவில் நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு. அது முடிந்து வரும்போது உடல் கரும்புச் சக்கைபோல் துவண்டுவிடும். சில நாள் குளிர் நடுக்கமும் காணும். பேருந்தில் நின்றும் இடித்தும் வர இயலாது. அதற்காகவே, 2004-ஆம் ஆண்டில் செய்யப்பட்ட ஒரு சிறிய காரைக் கைம்மாற்றாக வாங்கினோம். அதன் நான்கு சன்னல்களும் பொத்தானை அழுத்தினால் ஏறி இறங்கும். வாங்கிய நாளில் எங்களுக்கு அது ஒரு பெருமையாகவே இருந்ததென்று ஒப்புக்கொள்கிறோம். அம்பாசிடர் காரின் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றித் தோள் வலித்த தலைமுறையன்றோ நாங்கள்!

சென்ற ஐப்பசியில் ஒரு மாலை, திண்டுக்கல்லிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையின் லாரிகளைத் தாண்டி, சத்திரப்பட்டிக்குச் சற்று முன்னே வந்தபோது அம்மாவுக்குக் குமட்டியது. காற்று வேண்டுமென்று, பின்னிருக்கையின் இடப்பக்கக் கதவிலிருந்த பொத்தானைத் தாமே அழுத்தினார். கண்ணாடி முழுதும் இறங்கிற்று. நல்ல காற்று வந்தது, குமட்டலும் நின்றது. ஆனால் மேற்கே மலை மறைந்துகொண்டிருந்ததை நாங்கள் கவனித்திருக்க வேண்டும். முதல் தூறல் விழுந்ததும் அம்மா பொத்தானை மேல்நோக்கி அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. ஓட்டுநர் கதவில் எல்லாச் சன்னல்களுக்கும் பொத்தான்கள் உண்டு. அங்கிருந்து அழுத்தியும் பயனில்லை. வண்டியை நிறுத்திக் கண்ணாடியின் விளிம்பை இருவிரல்களால் பிடித்து இழுத்துப் பார்த்தோம். அசையவில்லை. பிறகு மழை பிடித்துக்கொண்டது. காருக்குள்ளே குடையை விரித்து, அம்மாவை நடுவில் நகர்த்தி, துண்டுகளைப் போர்த்தி, வீடு வந்து சேர்ந்தபோது அவர் பற்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருந்தன. மூன்று நாள் காய்ச்சல்.

அந்த மூன்று நாளும் அம்மா திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: “நான் தொட்டதுதானே சாமி கெட்டுப்போச்சு. பேசாம உட்கார்ந்து வந்திருக்கணும்.” இல்லையம்மா என்று நாங்கள் சொன்னோம். ஆனால் எங்கள் மனத்தில் வேறொரு குற்றவாளி ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தான்.

பத்து நாளுக்கு முன் அதே கதவின் பூட்டு சரியாகப் பிடிக்கவில்லையென்று, ஊரில் சிறிய பட்டறை வைத்திருக்கும் ஓர் இளைஞனிடம் கொடுத்திருந்தோம். எங்களில் ஒருவரிடம் படித்த பையன். கதவின் உட்பக்க அட்டையை, அவர்கள் மொழியில் ‘டோர் பேட்’ என்பதை, கழற்றிப் பூட்டைச் சரிசெய்து தந்தான். பத்து நாளில் அதே கதவின் கண்ணாடி நின்றுவிட்டதென்றால் வேறென்ன நினைப்பது? மறுநாள் காலையிலேயே அவன் பட்டறைக்குச் சென்று, நாலு பேர் நிற்கும்போது, “கதவைத் திறந்தது நீதானே? வேறு யார் கை வைத்தார்கள்?” என்று கேட்டோம். கேட்டோம் என்பதைவிடச் சாடினோம் என்பதே சரி. “டீச்சர், சுவிட்சோட சாக்கெட்டைக் கழற்றி மாட்டினேன், அவ்வளவுதான். ஏத்தி இறக்கிப் பார்த்துத்தான் கொடுத்தேன். விட்டுட்டுப் போங்க, இப்பவே பார்த்துடறேன்” என்றான். இனி உன் கை எங்கள் வண்டியில் படவேண்டாம் என்று சொல்லிவிட்டுத் திரும்பினோம். நின்றவர்களில் ஒருவர் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். ஆயக்குடிக் கொய்யாவைச் சந்தைக்கு ஏற்றும் சிறிய சுமைவண்டி அவருடையது. அதன் என்ஜின் வேலையை அந்தப் பையனிடம் கொடுக்க அன்று வந்தவர், எங்கள் பேச்சைக் கேட்டு, வேறிடத்துக்கு ஓட்டிச் சென்றுவிட்டார். இதை நாங்கள் பிற்பாடுதான் அறிந்தோம்.

அடுத்து ஒரு பெரிய பட்டறைக்குச் சென்றோம். அங்கே கதவைத் திறந்துகூடப் பார்க்காமல், மோட்டாரோடு சேர்த்து ‘விண்டோ மிஷின்’ முழுவதையும் மாற்றவேண்டும், பழைய மாடலானதால் பொருள் வர நாளாகும், 5,000 ரூபாய்க்கு மேல் ஆகும் என்றார்கள். மருத்துவச் செலவு மாதத்துக்கு எவ்வளவென்று தெரிந்த வீட்டில் அந்தத் தொகை சிறியதன்று. சன்னலில் பாலித்தீன் தாளை ஒட்டிக்கொண்டு இரண்டு வாரம் திண்டுக்கல் போய்வந்தோம். வேகம் எடுத்தால் தாள் படபடவென்று அடித்துக்கொள்ளும். “கோழிக்கூட்டுக்குள்ள உட்கார்ந்து போற மாதிரி இருக்கு” என்றார் அம்மா. சிரித்தார் என்றாலும், மற்றச் சன்னலின் பொத்தானருகே கையைக் கொண்டுபோகவில்லை.

இப்படியே எத்தனை நாள் போவது? கடைசியில் நாங்களே பார்ப்பதென்று முடிவு செய்தோம். ஒரு சோதனை விளக்கு வாங்கினோம். கூரான கம்பி முனை ஒருபுறம், நீண்ட ஒயரும் கவ்வியும் மறுபுறம், நடுவில் ஒரு சிறு பல்பு. ஆட்டோ எலக்ட்ரீஷியன்கள் சட்டைப்பையில் வைத்திருப்பார்களே, அதுதான். இரவல் திருப்புளி இரண்டு. இவற்றோடு ஒரு சனிக்கிழமை முற்பகல் வேப்பமர நிழலில் அமர்ந்தோம்.

இவ்விடத்தில், இந்தச் சன்னல் எப்படி இயங்குகிறதென்பதைச் சற்று விரித்துரைக்க வாசகர்கள் அனுமதிக்க வேண்டும். அது தெரியாமற்போனதே எங்கள் பிழை.

பொத்தானால் ஏறும் கார்ச் சன்னல் புதிய கண்டுபிடிப்பன்று. அமெரிக்காவில் பேக்கார்ட் நிறுவனம் 1940-இலேயே அத்தகைய சன்னல்களை வெளியிட்டது. மின்சாரம் ஒரு பம்பை ஓட்ட, எண்ணெயின் அழுத்தம் கண்ணாடியைத் தூக்கியது. முற்றிலும் மின்மோட்டாரால் இயங்கும் சன்னல் 1951-இல் கிறைஸ்லர் இம்பீரியல் காரில் வந்தது. இன்று சிறிய கார்களிலும் உள்ளது அதன் வழித்தோன்றலே. கதவினுள் உள்ளங்கையளவு மோட்டார் ஒன்று இருக்கிறது. அதன் முனையில் திருகுபோன்ற பல், அது ஒரு சக்கரத்தைச் சுழற்றும், சக்கரம் ஓர் இரும்பு வடத்தை இழுக்கும், அல்லது கத்தரிக்கோல்போல் மடங்கும் கைகளை விரிக்கும், கண்ணாடி ஏறும். திருகு சக்கரத்தைச் சுழற்றும். சக்கரம் திருகைச் சுழற்றாது. அதனால்தான் சாலையோரத்தில் நாங்கள் எவ்வளவு இழுத்தும் கண்ணாடி அசையவில்லை. திருடன் வெளியிலிருந்து அழுத்தி இறக்க முடியாமலிருப்பதும் இதனாலேயே. ஆகவே அது குறையன்று.

மோட்டாருக்கு இரண்டே ஒயர்கள். ஒன்றில் மின்சாரம் வந்து மற்றதில் திரும்பினால் கண்ணாடி ஏறும். வழியை மாற்றினால் இறங்கும். அதாவது, ஏற்றும் ஒயர், இறக்கும் ஒயர் என்று நாம் பெயரிட்டாலும், ஏறும்போது இறக்கும் ஒயரே மின்சாரம் வீடு திரும்பும் பாதை. பல கார்களில், எங்களுடையதிலும், பின்கதவின் ஒயர்கள் இரண்டும் ஓட்டுநர் கதவிலுள்ள தலைமைப் பொத்தான் வழியாகச் சென்றுதான் காரின் உடம்பைச் சேர்கின்றன. பின்னிருக்கையில் இருப்பவர் தம் பொத்தானை அழுத்தினாலும், அந்த மின்சாரம் ஓட்டுநர் கதவுவரை போய்த்தான் தன் சுற்றை முடிக்கிறது. இதனை அறிந்திராத ஒருவர் பின்கதவை மட்டும் ஆயிரம் முறை திறந்து மூடினாலும் நோய் பிடிபடாது.

கதவைக் கழற்றுமுன் செய்யத்தக்க சோதனைகள் சில உண்டு, செலவில்லாதவை. நான்கு சன்னல்களும் ஒருங்கே நின்றிருந்தால் ஃபியூஸ், ரிலே, அல்லது பொதுவான ஒயர். எங்களுக்கு மற்ற மூன்றும் ஓடின. ஆகவே ஃபியூஸ் நலம். ஓட்டுநர் கதவில் பிள்ளைகளுக்காக ஒரு பூட்டுப் பொத்தான் இருக்கும். அது அழுந்தியிருந்தால் பின்கதவுப் பொத்தான்கள் உறங்கிவிடும். பட்டறைக்குப் போய்ப் பணம் கொடுத்துவிட்டு, பிறகு அந்தப் பொத்தானை விடுவித்துக்கொண்டு அசடு வழிய வீடு திரும்பியவர்களை நாங்கள் அறிவோம். எங்கள் கதை அதுவுமன்று, ஏனெனில் கண்ணாடி இறங்கியதே! அடுத்தது காது. பொத்தானை அழுத்தும்போது மோட்டார் முனகியும் கண்ணாடி நகரவில்லையெனில் வடம் அறுந்திருக்கலாம், அல்லது பல் தேய்ந்திருக்கலாம். அடுத்தது கண். உட்கூரை விளக்கை ஏற்றிவைத்துப் பொத்தானை அழுத்த வேண்டும். விளக்கு சற்று மங்கினால் மோட்டார்வரை மின்சாரம் போகிறது, ஏதோ ஒன்று தடுக்கிறது என்று பொருள். மங்கவே இல்லையெனில் மின்சாரமே சுற்றி வரவில்லை.

எங்களில் ஒருவர் பொத்தானை அழுத்த, மற்றவர் விளக்கைப் பார்த்தோம். பின்கதவுப் பொத்தானைக் கீழ்நோக்கி அழுத்தினால், ஏற்கெனவே அடியில் கிடந்த கண்ணாடியோடு மல்லாடி மோட்டார் முனகிற்று, விளக்கும் மங்கிற்று. மேல்நோக்கி அழுத்தினால் முனகலும் இல்லை, மங்கலும் இல்லை. ஓட்டுநர் கதவிலிருந்து எந்தப் பக்கம் அழுத்தினாலும் அமைதி. இதைக் கணக்கெழுதியவர் ஒரு தாளில் நான்கு கட்டமாக எழுதிக்கொண்டார்: நான்கு கட்டளைகளில் ஒன்றே ஒன்று நிறைவேறுகிறது.

மோட்டார் செத்திருந்தால் அந்த ஒன்றும் நடக்காது. அப்படியானால் 5,000 ரூபாய்க்கு மேல் கொடுத்து மாற்றச் சொன்ன மோட்டார் உயிரோடிருக்கிறது! இது தெளிவானதும் எங்களுக்குத் துணிவு பிறந்தது. டோர் பேடைக் கழற்றினோம். கைப்பிடிக் குழியிலும் விளிம்பிலும் ஒளிந்திருக்கும் திருகுகளை முதலில் தேடி எடுக்கவேண்டும். அவசரப்பட்டு இழுத்தால் பிளாஸ்டிக் முளைகள் ஒடியும். நாங்கள் இரண்டை ஒடித்தோம். உள்ளே ஒட்டியிருந்த பாலித்தீன் திரையைக் கிழிக்காமல் உரித்தோம். மழைநீர் கதவுக்குள் வழிந்து கீழ்த்துளைகளால் வெளியேற, அந்தத் திரைதான் அட்டையையும் தரைவிரிப்பையும் காக்கிறது. கண்ணாடி பாதியில் நிற்கும் கார்களில் இந்த வேலையைத் தொடங்குமுன் கண்ணாடியை ஒட்டுநாடாவால் சட்டத்தோடு கட்டிவிட வேண்டும். வடம் விடுபட்டால் அது கத்திபோல் விழும். கை உள்ளே இருந்தால் விரல் போகும்.

மோட்டாரின் சாக்கெட்டில் சோதனை விளக்கை வைத்தோம். கவ்வியைக் காரின் உடம்பில் மாட்டி, பொத்தானை மேல்நோக்கி அழுத்தியபோது, ஏற்றும் ஒயரில் விளக்கு பளிச்சென்று எரிந்தது! மின்சாரம் வந்து வாசலில் நிற்கிறது. கவ்வியை இறக்கும் ஒயரில் மாட்டி மறுபடி பார்த்தோம். எரியவில்லை. வந்த மின்சாரத்துக்குத் திரும்பிப் போக வழியில்லை. அறிவியல் கற்பித்தவர் எழுந்து நின்று, சுற்று முழுமையடையாவிடில் மின்னோட்டம் இல்லை என்ற பாடத்தைப் பிள்ளைகளுக்கு எத்தனை முறை எழுதிப் போட்டிருப்போம் என்று தலையில் கைவைத்துக்கொண்டார். இறக்கும் ஒயர் எங்கோ அறுந்திருக்கிறது. அதனால் ஏற்ற முடியவில்லை. பின்கதவிலிருந்து இறக்கும்போது மட்டும் மின்சாரம் பொத்தானிலிருந்தே கிளம்பி, ஏற்றும் ஒயர் வழியே திரும்புகிறது. அந்த வழி நலமாயிருந்தது. நான்கு கட்டங்களும் தாளில் அப்படியே பொருந்தின.

எங்கே அறுந்தது? இதற்குத் தற்செயலே உதவிற்று. கதவைப் பாதி சாத்திய நிலையில் முழங்காலால் முட்டுக்கொடுத்துக்கொண்டு பொத்தானை அழுத்தியபோது கண்ணாடி திடீரென ஒரு சாண் ஏறி நின்றது. கதவை அசைத்தால் நின்றுவிடும். கதவுக்கும் நடுத்தூணுக்கும் இடையே, யானைத் துதிக்கைபோல் மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர்க் குழாய் உண்டு. ஒயர்களெல்லாம் அதனுள்தான் செல்லும். கதவைத் திறக்குந்தோறும் மூடுந்தோறும் அந்த ஒயர்கள் வளைந்து நிமிர்கின்றன. நாளைக்கு ஆறு முறை என்று கொண்டாலும் 20 ஆண்டில் 43,800 முறை. குழாயை ஓரத்தில் பெயர்த்து ஒயர்களை வெளியே எடுத்தோம். பார்வைக்கு எல்லாம் முழுமையாகவே இருந்தன. ஒவ்வொன்றாக மெல்ல இழுத்தபோது, ஒன்று மட்டும் இடியாப்ப மாவைப்போல் நீண்டது. மேலுறை முழுதாயிருக்க, உள்ளே செம்பு அறுந்திருந்தது.

அந்த உறையைப் பிளேடால் கீறிப் பார்த்த கணத்தை நாங்கள் எளிதில் மறக்கமாட்டோம். உள்ளே இருந்த மெல்லிய செம்புக் கம்பிகளில் பெரும்பாலானவற்றின் முனைகள் பச்சைக் களிம்பேறிக் கிடந்தன. இரண்டு மூன்று மட்டுமே புதுச் செம்பாய் மின்னின. செம்பில் அத்தனை களிம்பு பிடிக்கப் பத்து நாளும் இரண்டு வாரமும் போதா. பல ஆண்டுகளாகக் கம்பி கம்பியாக அறுந்து வந்த ஒயர் அது. மிஞ்சியிருந்த இரண்டு மூன்று இழைகள் அந்த மழை மாலையில், சத்திரப்பட்டி அருகே, கைவிட்டிருக்கின்றன. பட்டறைப் பையன் கழற்றி மாட்டிய சாக்கெட்டோ அங்கிருந்து ஒரு முழம் தள்ளிக் கதவின் நடுவில், எந்தக் காயமும் இல்லாமல் இருந்தது.

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். முதலில் அம்மாவிடம் சென்று சொன்னோம். அவர் அந்த ஒயரைக் கையில் வாங்கிப் பார்த்தார். “இதுவும் என்னை மாதிரிதான் உள்ளுக்குள்ள போயிருக்கு” என்றார். பிறகு, “அந்தப் பிள்ளைகிட்ட எப்பப் போறீங்க?” என்று கேட்டார்.

அன்று போகவில்லை. வெட்கத்தால் என்றே சொல்லவேண்டும். ஒயரை முறுக்கி, இன்சுலேஷன் டேப்பைச் சுற்றிவைத்தோம். கண்ணாடி ஏறி இறங்கியது. ஏதோ வென்றுவிட்டவர்கள்போல் காப்பி குடித்தோம். மறுநாள் ஞாயிறு. பூசை முடிந்து வந்தவர்கள் வீட்டுக்குத் திரும்பாமல் நேரே பட்டறைக்குப் போனோம். பையன் ஒரு ஆட்டோவுக்கு அடியில் படுத்திருந்தான். எங்களைக் கண்டு எழுந்து, எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு, “வாங்க டீச்சர், வாங்கய்யா” என்றான். அந்த மரியாதை எங்களை மேலும் சுட்டது. வெட்டியெடுத்த ஒயர்த் துண்டைக் காட்டி, தவறு எங்களுடையது, உன்னை நாலு பேர் முன்னால் பேசியது பெரிய பிழை என்று சொன்னோம். அவன் ஒயரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “இது பழைய அறுப்பு டீச்சர். அன்னைக்கே விட்டுட்டுப் போயிருந்தா பத்து நிமிஷத்துல சொல்லியிருப்பேன்” என்றான். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எங்களுக்குச் சற்று எளிதாக இருந்திருக்கும்.

பிறகு எங்கள் ஒட்டுவேலையைப் பார்த்து அவன் சிரித்தது உண்மை. வளையும் இடத்திலேயே முறுக்கிவைத்தால் ஒரு மாதம் தாங்காது என்றான். அந்தப் பகுதியை முழுவதும் வெட்டியெறிந்து, அதே பருமனில், மெல்லிய இழைகள் மிகுந்த நெகிழ்வான ஒயர்த் துண்டைச் சற்று நீளமாக எடுத்தான். ஒரு முனையைக் கதவினுள்ளும் மறுமுனையைத் தூணுக்குள்ளும், வளைவு படாத இடங்களில், ஈயம் வைத்துப் பற்றவைத்தான். சூடுபட்டால் சுருங்கும் குழலை மேலே போட்டு மூடினான். பக்கத்து ஒயர்கள் இரண்டையும் இழுத்துப் பார்த்து, அவையும் நீளத் தொடங்கியிருப்பதைக் காட்டி, அவற்றையும் மாற்றினான். இணைப்புகள் மூன்றும் ஒரே இடத்தில் சேர்ந்து பருத்துவிடாமல் முன்பின்னாக அமைத்தான். நாங்கள் ஒடித்த முளைகளுக்குப் பதில் வேறு இரண்டு தேடி எடுத்துப் பொருத்தினான். கூலி எவ்வளவு என்றதற்கு 300 ரூபாய் என்று தயங்காமல் சொன்னான். வேண்டாம் என்று சொல்லிவிடுவானோ என்று நாங்கள் உள்ளூர அஞ்சிக்கொண்டிருந்தோம். வாங்கிக்கொண்டதில் எங்களுக்குப் பெரிய ஆறுதல்.

ஆயினும் கடன் முழுவதும் தீரவில்லை. பக்கத்து வீட்டுக்காரரிடம் அன்று மாலை போய் நடந்ததைச் சொன்னோம். அவர் என்ஜின் வேலையை வேறிடத்தில் முடித்துவிட்டார். அதைத் திருப்ப முடியாது. அடுத்த வேலை வந்தால் பையனிடமே கொடுப்பதாகச் சொன்னார். மார்கழியில் சுமைவண்டியின் பிரேக் வேலை அவன் பட்டறைக்குப் போயிற்று. அதை நாங்கள் கணக்கில் வரவு வைத்தோமென்றாலும், முந்தைய இழப்பு இழப்பாகவேதான் நிற்கிறது.

பையன் அன்று சொல்லிக்கொடுத்த சிலவற்றை வாசகர்களுக்கும் சொல்லிவிடுகிறோம். எங்கள் முன்பக்கக் கண்ணாடி ஒன்று மெதுவாக ஏறுவதைக் கவனித்து, மோட்டாரைக் குறைசொல்லாமல், கண்ணாடி ஓடும் ரப்பர்ப் பீடிங்கை ஈரத்துணியால் உள்வரை துடைத்துக் காட்டினான். துணி செம்மண்ணாக வந்தது. அதோடு, 2012-இல் உச்ச நீதிமன்றம் கார்க் கண்ணாடிகளில் கறுப்புத் தாள் ஒட்டுவதைத் தடைசெய்தபோது, பழைய உரிமையாளர் அரைகுறையாக உரித்த தாளின் பசையும் விளிம்பில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைச் சுரண்டியெடுத்து, காய்ந்தபின் சிலிக்கோன் தெளித்ததும் கண்ணாடி வழுக்கிக்கொண்டு ஏறிற்று. தேங்காயெண்ணெயோ கிரீஸோ போடக்கூடாதாம். தூசியைப் பிடித்துக் குழைத்துவிடும், ரப்பரும் கெடும். கதவின் அடித்துளைகளை ஈர்க்குச்சியால் குத்தி விடவேண்டும். அடைத்தால் நீர் உள்ளே தேங்கி வடம் துருப்பிடிக்கும். ஏற்றி இறக்கிப் பலமுறை சோதிக்கும்போது மோட்டார் திடீரென நின்றால் பதறவேண்டாம். சூடு தாங்காமல் தானே ஓய்வெடுக்கும் பொறி அதில் உண்டு; சில நிமிடம் விட்டால் மீளும்.

இன்னொன்றும் உண்டு, இதுதான் எங்களைக் கலக்கியது. விடுமுறைக்குக் கோவையிலிருந்து வரும் எங்கள் நான்கு வயதுப் பேரன், இருக்கையில் முழங்காலிட்டுச் சன்னலுக்கு வெளியே தலையை நீட்டுவான். சரிசெய்த சன்னலின் வலிமையை அறிய, அதன் விளிம்பில் ஒரு முருங்கைக்காயை வைத்துப் பொத்தானை அழுத்தினோம். நறுக்கென்று முறிந்து விழுந்தது. தடை பட்டால் தானே இறங்கிக்கொள்ளும் ஏற்பாடு பிற்காலக் கார்கள் பலவற்றில் உண்டு. எங்கள் பழைய வண்டியில் இல்லை. அதிலும் எங்கள் பொத்தான், ஒருபுறம் அழுத்தினால் ஏறி மறுபுறம் அழுத்தினால் இறங்கும் துலாப்பலகை வகை. குழந்தையின் முழங்கால் பட்டாலே ஏறும். அமெரிக்காவில் குழந்தைகள் இப்படிக் கழுத்து நெரிபட்டு இறந்ததைத் தொடர்ந்து, தற்செயலாகப் பட்டால் மூடிக்கொள்ளாத பொத்தான்களே வேண்டுமென்று 2004-இல் விதி செய்தார்கள். விரலால் தூக்கினால்தான் ஏறும் பொத்தான்கள் புதிய கார்களில் காணப்படுவது அதனால்தான். எங்கள் வீட்டுச் சட்டம் எளியது. பிள்ளை வண்டியில் இருந்தால் ஓட்டுநர் கதவின் பூட்டுப் பொத்தான் அழுந்தியிருக்கும். அவன் எவ்வளவு அழுதாலும் சரி. வண்டியை விட்டு இறங்கும்போது சாவியும் பிள்ளையும் எங்களோடு இறங்கும்.

தை மாதத்தில் பழனிக்கு நடந்துபோகிறவர்களால் திண்டுக்கல் சாலை நிறைந்திருந்தது. காரைக்குடிப் பக்கத்திலிருந்து காவடியோடு வருபவர்கள், கைக்குழந்தையைத் தோளில் சுமந்தவர்கள், வெறுங்காலோடு நடந்து பாதம் கொப்பளித்தவர்கள். அவர்களோடு நாங்களும் ஆமைவேகத்தில் ஊர்ந்துகொண்டிருந்தோம். பின்னிருக்கையில் அம்மாவின் பக்கத்தில் ஒரு பை நிறைய ஆரஞ்சுப் பழம். பார்க்க வந்த உறவினர் ஒருவர் அன்போடு கொடுத்தது. சிறுநீரகம் பழுதுற்றவர்களுக்கு ஆரஞ்சு ஆகாதென்பது அவருக்குத் தெரியாது. சத்திரப்பட்டி தாண்டியதும், எங்களிடம் ஒன்றும் கேளாமல், அம்மா பொத்தானை அழுத்தினார். கண்ணாடி இறங்கிற்று. “எந்த ஊர் கண்ணு?” என்று கேட்டபடியே, நடந்துவந்த ஒரு சிறுமியின் கையில் இரண்டு பழங்களை வைத்தார், பின்னால் வந்தவர்களுக்கும் கொடுத்துப் பையைக் காலி செய்தார். பிறகு பொத்தானின் மறுபுறத்தை அழுத்தி, கண்ணாடி உச்சிவரை போய்ச் சேரும்வரை விரலை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.